ஒன்பது மாடி வார்த்தை

நீளமான ஆங்கில வார்த்தைகளைச் சொல்வதுதான் என் பிழைப்பு. கைப்பேசி அகராதியில் ஒரு வார்த்தையைத் தேடி, பக்கத்தில் இருக்கிற குட்டி ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் ஒரு பெண் குரல் வருமே, வார்த்தையை முதலில் முழுதாகச் சொல்லிவிட்டு அப்புறம் அசை அசையாகப் பிரித்துச் சொல்லுமே, அந்தக் குரல் நான்தான். என் முகம் யாருக்கும் தெரியாது. ஆனால் நேர்காணலுக்குக் கிளம்புகிற அவசரத்தில் எத்தனையோ பேர் ஒரே வார்த்தைக்காகத் திரும்பத் திரும்ப என் உயிரை வாங்கியிருக்கிறார்கள்.

இந்த வேலைக்கென்று சில கட்டுப்பாடுகள் உண்டு. சரசரக்கிற துணி உடுத்தக் கூடாது. வளையல் ஆகாது. பால் குடித்துவிட்டுப் போனால் தொண்டை பிசுபிசுக்கும். வெறும் வயிற்றோடு போனாலோ வயிறு கடமுடவென்று பேச ஆரம்பித்துவிடும், அதையும் மைக் விடாமல் பிடித்துக்கொள்ளும். ஒரு துண்டு ஆப்பிளைக் கடித்தால் வாய்க்குள் இருக்கிற சத்தமெல்லாம் அடங்கும். சுவரில் பஞ்சு அடைத்த, ஜன்னல் இல்லாத அறை அது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் உட்கார்ந்திருப்பார். மூக்கிலும் தடித்த கண்ணாடி என்பதால் அவருக்கு இரட்டைக் கண்ணாடி என்று பெயர் வைத்திருந்தேன். நேரிலேயே அப்படித்தான் கூப்பிடுவேன். அவர் கோபித்துக்கொண்டதில்லை.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தச் சட்டையைப் போட்டாலும் கிரீஸ் வாசனை கூடவே வரும்.

"வார்த்தை சொல்றதுக்குச் சம்பளமா?" என்று கல்யாணமான புதிதில் வாயைப் பிளந்தார். "எங்க கம்பெனில நான் ஒரு வார்த்தை அதிகமா பேசினா சம்பளத்துல கை வைக்கிறாங்க!"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அதுவும் வேலையைக் கிண்டல் செய்தால். அன்றைக்கே அவரை உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன். நீளமான வார்த்தை ஒரே கல்லில் செதுக்கியதல்ல, துண்டு துண்டாக ஒட்டிக் கட்டியது. நடுவில் ஒரு வேர், முன்னால் ஒன்றிரண்டு ஒட்டு, பின்னால் ஒன்றிரண்டு ஒட்டு. எல்லா அசையையும் ஒரே மாதிரி மிதித்துக்கொண்டு போனால் கேட்கிறவனுக்குப் புரியாது. ஏதாவது ஓர் அசையில் அழுந்த நின்று, மற்றவற்றை லேசாகத் தொட்டுக்கொண்டு போக வேண்டும் என்றேன்.

"லிஃப்ட்னு சொல்லு," என்றார். "எத்தனை மாடி இருந்தாலும் ஆள் இறங்குற மாடியிலதான் நிக்கும். மத்ததுல சும்மா விளக்கு மட்டும் மின்னிட்டுப் போகும்."

"அவ்வளவு சுலபமில்ல சார். ஃபோட்டோகிராஃப்னு சொல்றப்போ முதல் மாடி ஃபோல நிக்கும். பின்னாடி இன்னொரு துண்டு ஒட்டி ஃபொடாக்ரஃபர்னு ஆக்கினா, லிஃப்ட் ரெண்டாவது மாடிக்குப் போயிடும். அந்தத் துண்டை எடுத்துட்டு இக்குனு ஒண்ணை ஒட்டுங்க, ஃபோட்டோகிராஃபிக். இப்ப கிராவுல நிக்குது. மேல மாடி கட்டக் கட்ட, நிக்கிற இடம் மாறிக்கிட்டே இருக்கும்."

"அப்படி ஒரு லிஃப்ட் இருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்," என்றார்.

அன்றிலிருந்து எனக்கு வார்த்தைகள் கட்டடங்களாகத் தெரிய ஆரம்பித்தன. தூக்கம் வரும் வரும் என்று கண் சொக்கிக்கொண்டிருக்கும்போது நான் ஏதாவது ஒரு வார்த்தையின் லிஃப்டில் ஏறிவிடுவேன். எனக்கு மிகவும் பிடித்தது காது மூக்கு தொண்டை மருத்துவரைக் குறிக்கிற வார்த்தை. ஓ-டோ-ரை-னோ-லா-ரிங்-கா-ல-ஜிஸ்ட். ஒன்பது மாடி. காது, மூக்கு, தொண்டை மூன்றையும் கிரேக்க மொழியிலிருந்து கொண்டுவந்து அடுக்கி, மேலே படித்தவன் என்று ஒரு கூரை போட்டிருக்கிறார்கள். கீழ் மாடிகள் ஒவ்வொன்றும் மின்னி மறையும். ஏழாவது மாடி கா. அங்கே லிஃப்ட் நின்று, கதவு மெல்லத் திறந்து, வெளிச்சம் வந்து விழும். பெரும்பாலும் அதற்குள் தூங்கிப்போவேன்.

அவரும் அந்த வார்த்தையை மனப்பாடம் செய்யத் தலைகீழாக நின்று பார்த்தார். முடியவில்லை. ஒன்பது மாடியையும் படியேறிப் போகிறவர் மாதிரி மூச்சு வாங்க வாங்கச் சொல்வார். நான் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொள்வேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இத்தனை வார்த்தை தெரிந்த நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எதற்கெடுத்தாலும் "என்னங்க"தான். கூட்டமான இடத்தில் நான் "என்னங்க" என்றால் நாலைந்து ஆண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் மட்டும் திரும்பாமலே "சொல்லு" என்பார். அது என் குரல் என்று அவருக்குத் தெரியும்.

ஒருநாள் ஒலிப்பதிவு அறையில் அந்தக் குரல் நின்றுபோனது.

இர்ரெஸ்பான்ஸிபிலிட்டி என்ற வார்த்தையில் இர்-ரெஸ்-பான்-ஸி வரை வந்தேன். அதற்கு மேல் வாய் போகவில்லை. வார்த்தை மறக்கவில்லை, கண்ணெதிரே தாளில் இருக்கிறது. நிற்க வேண்டிய மாடி அடுத்ததுதான் என்றும் தெரிகிறது. ஆனால் லிஃப்ட் நகரவில்லை.

"மேடம், பாதியில எறங்கிட்டீங்களே," என்று இரட்டைக் கண்ணாடி சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தார்.

தலையைப் படம் பிடித்துப் பார்த்ததில், இடது காதுக்கு மேலே, பேச்சு குடியிருக்கிற பேட்டைக்குள் ஒரு கட்டி இருந்தது. கோலிக்குண்டு அளவு. எடுத்துவிடலாம், மெதுவாக வளர்கிற வகைதான் என்றார் அறுவை மருத்துவர். நரைத்த தாடியும் சலிக்காத பொறுமையும் உள்ள மனிதர். ஆனால் கட்டி எங்கே முடிகிறது, வார்த்தை எங்கே ஆரம்பிக்கிறது என்பது வெட்டும்போதுதான் தெரியும். அதனால் மண்டையைத் திறந்த பிறகு என்னை எழுப்பி, பேசவைத்துக்கொண்டே செய்வார்களாம். மூளைக்கு வலி தெரியாது. ஓர் இடத்தில் மெல்லிய மின்சாரத்தால் தொடுவார்கள். பேச்சு நின்றால் அங்கே கத்தி போகாது. நிற்காவிட்டால் அது எடுக்கலாம் என்கிற இடம்.

எந்த வார்த்தைகளைச் சொல்லவைத்துச் சோதிப்பது என்று முடிவு செய்ய, பேச்சுப் பயிற்சி தருகிற பெண் வந்தாள். என்னைவிட ரொம்பச் சின்னவள். நம் மொழியும் பேசுவாள், ஆங்கிலமும் பேசுவாள்.

"அக்கா, வழக்கமா நாங்க படம் காட்டிப் பேர் சொல்லச் சொல்லுவோம். நாற்காலி, குடை, பூனை, அந்த மாதிரி."

எனக்குச் சுள்ளென்று வந்தது. "குடையும் பூனையும் சொல்லியாம்மா நான் சம்பாதிக்கிறேன்? என் பிழைப்பே நீள வார்த்தைங்கதான். அதைக் காப்பாத்திக் கொடுங்க, போதும்."

நானே வார்த்தைகளைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தேன். ஆறு அசைக்குக் குறைந்து ஒன்றுகூட இல்லை.

"வீட்டுல பேசுற பேச்சு, அக்கா? ரெண்டு மொழியும் மூளைல ஒரே இடத்துல இருக்கணும்னு இல்ல. அதையும் தனியா பார்த்துட்டா நல்லது."

"அது எங்கம்மா போயிடும்? பொறந்ததுலேருந்து பேசுறது. அது எலும்புல ஊறினது."

அவள் அதற்கு மேல் வாதாடவில்லை. வெளியே போனவளை என் கணவர் நடைகூடத்தில் மடக்கியிருக்கிறார். பர்ஸிலிருந்து தன் புகைப்படம் ஒன்றை எடுத்து அவள் கையில் திணித்திருக்கிறார். லிஃப்ட் கூண்டின் மேல் நின்றுகொண்டு, ஸ்பானரைச் செங்கோல் மாதிரி பிடித்து, கண்ணை உருட்டி நாக்கைத் துருத்துகிற படம். "என்னை உள்ள விட மாட்டாங்கல்ல? இதையாவது நடுவுல ஒரு தடவை காட்டுங்க. அவ சிரிப்பா," என்றாராம். எனக்கு அப்போது இது தெரியாது.

அறுவைக்கு முன்னால் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு வாக்கு கேட்டார். "மொத்தத்தையும் எடுத்துடச் சொல்லு. ஒரு துளி கூட மிச்சம் வேணாம். வேலை போனா போகட்டும். நீ எனக்கு முழுசா வேணும்."

"முழுசா வரேன்," என்றேன். மனதாரத்தான் சொன்னேன். எனக்கும் அந்தப் பாழாய்ப்போன கோலிக்குண்டு முழுதும் ஒழிந்தால் போதும் என்றிருந்தது.

முதலில் தூங்கவைத்தார்கள். ஊசி மருந்து கையில் ஏறும்போதே நான் என் கட்டடத்துக்குள் போய்விட்டேன். ஓ-டோ மாடிகளில் யாரோ நிறையப் பேர் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றார்கள். எதைக் கேட்கிறீர்கள் என்றேன். உன்னைத்தான் என்றார்கள். ரை-னோ மாடிகளில் ஒரே கிரீஸ் வாசனை. லா-ரிங் மாடிகளில் காற்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, யாரோ பாடப்போவது போல, பாடாமலே. எங்கோ மேலே துளைபோடுகிற சத்தம் கேட்டது. என்னவர்தான் ஏதோ கம்பியை மாட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குக் கொஞ்சமும் பயமாக இல்லை. கா மாடி வந்தது. லிஃப்ட் நின்றது. கதவு திறந்தது.

"அக்கா, கண்ணைத் திறங்க. நான்தான்."

நீலத் துணியால் கூடாரம் போட்டிருந்தார்கள். கூடாரத்தின் வாசலில் அந்தப் பெண்ணின் முகம் மட்டும். எனக்குப் பின்னால் மருத்துவரின் குரல். என் தலை திறந்து கிடக்கிறது என்பது தெரியும், ஆனால் அது பக்கத்து வீட்டுச் சமாசாரம் போல இருந்தது. உடம்பு மிதந்தது.

அவள் அட்டைகளைக் காட்டினாள். நான் படித்தேன். இன்-காம்-ப்ரி-ஹென்-ஸி-பி-லி-ட்டி. மருத்துவர் தொட்டார். வார்த்தை நின்றது. "இங்க வேணாம்," என்றார். கையை எடுத்ததும் வார்த்தை, ஒன்றுமே நடக்காதது போல, விட்ட இடத்திலிருந்து போனது. அடுத்த அட்டை. அடுத்த இடம். சில இடங்களில் நின்றது, பல இடங்களில் ஓடியது. வாழ்நாளில் அவ்வளவு அழகாக நான் உச்சரித்ததில்லை. இரட்டைக் கண்ணாடி இங்கே இருந்திருக்க வேண்டும் என்று ஏங்கினேன். கட்டியின் பெரும்பகுதி வந்துவிட்டது என்று மருத்துவர் சொன்னார். கடைசியாக ஓர் ஓரம் பாக்கி இருந்தது. அங்கே தொட்டுக்கொண்டு, "சொல்லுங்க," என்றார்.

ஒன்பது மாடி அட்டை. கீழிருந்து மேல்வரை தடங்கலே இல்லாமல் போய் வந்தேன்.

"பிரமாதம்," என்றார். "இதை எடுக்கலாம்."

"ஒரு நிமிஷம் டாக்டர், கையை எடுக்காதீங்க," என்றாள் அந்தப் பெண். அட்டைகளுக்கு அடியிலிருந்து புகைப்படத்தை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள். "அக்கா, இவரை எப்படிக் கூப்பிடுவீங்க?"

நாக்கைத் துருத்திக்கொண்டு என்னவர். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த மனிதருக்கு இடம் பொருள் ஏவலே கிடையாது. வாயைத் திறந்தேன்.

அங்கே ஒன்றும் இல்லை.

அவர் யார் என்று தெரியும். டீயில் சர்க்கரையை இரண்டு தடவை போட்டுவிட்டு நான் போடவில்லை என்று சாதிப்பவர். குளிர் நாளில் தன் காலை என் காலின் மேல் வைத்துச் சூடேற்றிக்கொள்பவர். எல்லாம் தெரிகிறது. கூப்பிடுகிற இடத்துக்கு வாய் போகிறது. கதவு திறந்தால் எதிரே வெறும் சுவர்.

"ஹஸ்பண்ட்," என்றேன்.

"சரி அக்கா. ஆனா எப்படிக் கூப்பிடுவீங்க? வீட்டுல, அவர் அடுத்த ரூம்ல இருந்தா?"

"ஹஸ்... ஹஸ்பண்ட்." கண்ணில் நீர் முட்டியது. அடுத்த அறையைப் பார்த்து எவளாவது ஹஸ்பண்ட் என்று கூப்பிடுவாளா?

மருத்துவர் கையை எடுத்தார். "என்னங்க," என்று வந்தது உடனே, விக்கல் மாதிரி. மறுபடி தொட்டார். போய்விட்டது. எடுத்தார். வந்தது. இன்னொரு தடவையும் பார்த்தார். அவ்வளவுதான், சந்தேகமில்லை.

கூடாரத்துக்குப் பின்னாலிருந்து அவர் நிதானமாகப் பேசினார். "அம்மா, நீங்க காப்பாத்தச் சொன்ன வார்த்தைகளுக்கு இந்த இடம் வேண்டியதில்ல. இதையும் எடுத்தா கட்டி மொத்தமும் போயிடும். ஆனா உங்க வீட்டுப் பேச்சுல கொஞ்சம் போகலாம். எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. பழகினா திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். விட்டுட்டா ஒரு அரிசி அளவு உள்ள இருக்கும். சும்மாவே கிடக்கலாம். சில வருஷம் கழிச்சு வளரவும் வளரலாம். நீங்கதான் சொல்லணும்."

எனக்கு எல்லோர் மேலும் ஆத்திரம் வந்தது. முதலில் அந்தப் புகைப்படத்தின் மேல். அதை மட்டும் என்னவர் கொடுக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் எல்லாம் முடிந்திருக்கும். என்ன போயிற்று என்றே தெரியாமல் நிம்மதியாகத் தைத்து அனுப்பியிருப்பார்கள். அப்புறம் என் மேல். எலும்பில் ஊறியதாம்! ஊறிய இடம் ஓர் அரிசி அளவு. ஒன்பது மாடிக்கும் காவல் போட்டுவிட்டு வீட்டு வாசலைத் திறந்துபோட்டு வந்திருக்கிறேன்.

முழுசா வரேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அவர் நடைகூடத்தில் உட்கார்ந்திருப்பார், முட்டியை ஆட்டிக்கொண்டு. அந்த வாக்கைக் காப்பாற்றினால் வீட்டுக்குப் போவேன், கட்டி முழுதும் போயிருக்கும், அடுத்த அறையில் அவர் இருப்பார், நான் கதவருகே போய் நின்றுகொண்டு வாயைத் திறந்து திறந்து மூடுவேன். அவரும் திரும்பாமல் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருப்பார், யாரும் கூப்பிடவில்லையே. இந்த நினைப்பை என்னால் தாங்க முடியவில்லை. செத்துப்போவதுகூட அவ்வளவு பயமாக இல்லை, அது நிஜம்.

"விட்டுடுங்க டாக்டர்," என்றேன்.

"யோசிச்சுத்தானே சொல்றீங்க?"

"விட்டுடுங்க. அது எனக்கு வேணும்."

அந்தப் பெண் புகைப்படத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு என் விரல்களைப் பிடித்தாள். மறுபடி தூங்கவைத்தார்கள். இந்தத் தடவை கட்டடம் வரவில்லை. ஏதோ ஒரு சின்ன அறை, யாரோ பக்கத்து அறையில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

விழித்தபோது தலை வீங்கி, பேச்சு சுத்தமாக ஓய்ந்திருந்தது. வீக்கம் வடிய வடிய வரும், பயப்பட வேண்டாம் என்றார்கள். நான் மல்லாந்து படுத்து, மேலே சுற்றுகிற விசிறியைப் பார்த்துக்கொண்டு, எந்த வார்த்தை முதலில் வரும் என்று காத்திருந்தேன். தண்ணி என்று ஒன்று வந்தது. வலி என்று ஒன்று. ஒவ்வொன்றையும் சுமந்து கொண்டுவர வேண்டியிருந்தது.

என்னவர் கட்டிலருகே உட்கார்ந்து, எனக்குப் பேச்சு வருவதற்காக, ஓ-டோ-ரை-னோ என்று படியேறிக்கொண்டே இருந்தார். நான் சிரித்தால் அவருக்கு நிம்மதி. மருத்துவர் வந்து, ஓரத்தில் ஒரு அரிசி அளவு விட்டுவைத்திருக்கிறோம் என்று சொல்லும்வரை அப்படித்தான் இருந்தார்.

"ஏன் விட்டீங்க?"

"அவங்க ஒரு வார்த்தையைக் கேட்டாங்க," என்றார் மருத்துவர். "எங்களுக்குத் தெரிஞ்சு அவங்க முடிவு தப்பில்ல." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, அதைச் சொல்ல வேண்டியவள் நான் என்று நினைத்தாரோ என்னவோ. அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். அந்தப் பெண் மட்டும் வாசலில் நின்றாள்.

என்னவர் முகம் சிவந்துவிட்டது. பக்கத்துப் படுக்கைக்காரருக்காகக் குரலை அடக்கினார், அதனால் அது இன்னும் மோசமாக இருந்தது. "ஒரு வார்த்தைக்காகவா? எனக்கு என்ன சொல்லிட்டுப் போன நீ? முழுசா வரேன்னு சொல்லல? வேலை அவ்வளவு பெரிசாப் போச்சா உனக்கு? அந்த மைக்குக்காக இதைத் தலைக்குள்ள வச்சுக்கிட்டு வந்திருக்கியே... நாளைக்கு அது வளர்ந்தா நான் என்ன பண்ணுவேன்? யாரைக் கட்டிக்கிட்டு அழுவேன்?" கண்ணைப் புறங்கையால் தேய்த்துக்கொண்டார். "எத்தனை மாடி? எந்த வார்த்தை அது? அதையாவது சொல்லு."

நான் தேடினேன். வீக்கத்துக்குள் எல்லாம் மங்கலாக இருந்தது. இருக்கிறதா, இல்லையா, நான் விட்டுவைக்கச் சொன்னதை உண்மையிலேயே விட்டார்களா என்று திக்கென்றது. பிறகு கையில் தட்டுப்பட்டது. அசை அசையாக எடுத்தேன்.

"என்... னங்... க."

"சொல்லு," என்றார் உடனே, குனிந்து, காதைக் கிட்டே கொண்டுவந்து.

நான் சொல்லவில்லை. சொல்வதற்கு வேறொன்றும் இல்லை. அவர் காத்திருந்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். திரும்பி வாசலில் நின்ற பெண்ணைப் பார்த்தார். அவள் சட்டைப் பையிலிருந்து அந்தப் புகைப்படத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள். ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

அவர் நாக்கைத் துருத்திக்கொண்டிருக்கும் தன் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். கோபம் போய்விட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. என் கை மேல் கிரீஸ் வாசனையுள்ள தன் கையை வைத்தார். முகத்தை வேறு பக்கம், ஜன்னலைப் பார்க்கத் திருப்பிக்கொண்டார்.

"இன்னொரு தடவை கூப்பிடு," என்றார்.

கூப்பிட்டேன். அவர் திரும்பாமலே "சொல்லு" என்றார்.